ஐ.வி.எஃப் கன்று: கருமுட்டை எந்த மாட்டிலிருந்து வந்தது என்பது ஏன் முக்கியம்?

2021 அக்டோபரில் குஜராத்தின் கிர் சோம்நாத் மாவட்டத்தில் ஓர் எருமைக் கன்று பிறந்தது. பன்னி இன எருமையில் நாட்டின் முதல் ஐ.வி.எஃப் கன்று இதுதான் என்று மத்திய அரசு அறிவித்தது. செய்திகள் கன்றின் படத்தோடு முடிந்துவிட்டன. ஆனால், அந்த அறிவிப்புக்குள் ஒரு சின்னக் கணக்கு இருந்தது. கன்றைவிட சுவாரஸ்யமானது அதுதான்.

மூன்று எருமைகளிடமிருந்து மொத்தம் 29 கருமுட்டைகள் எடுக்கப்பட்டன. முதல் எருமை கொடுத்தது 20 முட்டை. அதில் 11 கருவாக வளர்ந்தன. இரண்டாவது எருமை கொடுத்தது வெறும் 5 முட்டை, ஐந்துமே கருவாகிவிட்டன. மூன்றாவது எருமையின் 4 முட்டைகளில் 2 தேறின. மொத்தம் 18 கருக்கள். அவற்றில் 15 கருக்கள் வாடகைத் தாய் எருமைகளுக்குள் வைக்கப்பட்டன. 6 எருமைகள் சினை பிடித்தன.

இப்போது முட்டையிலிருந்து சினை வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 முட்டை கொடுத்த எருமைக்கு 3 சினை. 5 முட்டை கொடுத்த எருமைக்கு 2 சினை. நான்கு மடங்கு முட்டை, ஒன்றரை மடங்கு பலன். மூன்றே எருமைகள் என்பதால் இதிலிருந்து பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது. எண்ணிக்கையில் முந்துவது பலனிலும் முந்த வேண்டியதில்லை என்பதை மட்டும் இது காட்டுகிறது.

மாடுகளுக்கான ஐ.வி.எஃப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆய்வகம், கருவி, காளையின் விந்து என்றுதான் பேச்சு போகிறது. கருமுட்டை எங்கிருந்து வந்தது என்பது பின்னால் தள்ளப்படுகிறது. அது முன்னால் வர வேண்டிய கேள்வி. ஏனென்றால், பலன் கிடைக்காதபோது நஷ்டப்படுவது கடைசியில் மாடு வளர்ப்பவர்தான்.

மாட்டுக்கு ஐ.வி.எஃப் எப்படி நடக்கிறது?

சிம்பிளாகச் சொன்னால் நான்கு படிகள். பசுவின் சினைப்பையிலிருந்து முதிராத கருமுட்டைகளை எடுப்பது முதல் படி. அவற்றைச் சுமார் 22 முதல் 24 மணி நேரம் ஆய்வகத்தில் முதிர வைப்பது இரண்டாவது. விந்தணுவோடு சேர்ப்பது மூன்றாவது. பிறகு ஏழு நாள் இன்குபேட்டரில் வளர்ப்பது. ஏழாம் நாள் அது 'பிளாஸ்டோசிஸ்ட்' எனப்படும் நிலையை எட்டினால், வாடகைத் தாய் மாட்டின் கருப்பைக்குள் வைக்கலாம். உறைய வைத்துச் சேமிக்கவும் செய்யலாம்.

இந்தப் பாதையில் எங்கே அதிகம் உதிர்கிறது? இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் பசு முட்டைகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. 100 முட்டைகளில் 90 வரை முதிர்ந்துவிடும். சுமார் 80 முட்டைகள் கருவுற்றுவிடும். ஆனால், ஏழாம் நாளைத் தொடுவது 30 முதல் 40 வரைதான்.

முதிர்வதும் கருவுறுவதும் பெரிய சிக்கலாக இல்லை. கருவுற்ற பிறகுதான் பாதிக்கு மேல் நின்றுவிடுகின்றன. அதே கண்ணாடித் தட்டு, அதே திரவம், அதே காளையின் விந்து. ஒரு முட்டை ஓடுகிறது, பக்கத்து முட்டை நிற்கிறது. வித்தியாசம் பெரும்பாலும் முட்டைக்குள்தான்.

முட்டைக்குள் அப்படி என்ன இருக்கிறது?

கன்றுக்கு மரபணுவில் பாதி தாயிடமிருந்து, பாதி தந்தையிடமிருந்து. இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால், முதல் சில நாட்களில் இந்தப் பாதிக்குப் பாதி கணக்கு செல்லாது. விந்தணு கொண்டுவருவது முக்கியமாக மரபணுப் பொட்டலத்தைத்தான். கரு வளரத் தேவையான புரதங்கள், அவற்றைத் தயாரிக்கும் ஆர்.என்.ஏ கட்டளைகள், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா எல்லாமே முட்டையின் இருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

மாட்டின் கரு தன் சொந்த மரபணுக்களை முழு அளவில் இயக்கத் தொடங்குவது 8 முதல் 16 செல் நிலையில். அதுவரை தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில்தான் ஓட்டம். கட்டுச்சோறு குறைவாக இருந்தால் வழியிலேயே நிற்க வேண்டியதுதான். ஆய்வகக் கருக்கள் பலவும் இந்தக் கட்டத்தைத் தாண்டும்போதுதான் தடுமாறுகின்றன.

இந்தக் கட்டுச்சோறு ஒரே நாளில் சேர்வதில்லை. சினைப்பையில் 'ஃபாலிக்கிள்' என்கிற நீர் நிறைந்த சிறு பைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. அந்தப் பை வளர வளர, முட்டை தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்கிறது. 2 மில்லிமீட்டர் பையிலிருந்து உருவிய முட்டையையும் 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த பையிலிருந்து எடுத்த முட்டையையும் ஒப்பிட்டால், பெரிய பையின் முட்டைதான் கருவாகும் வாய்ப்பு அதிகம். 1990களிலிருந்தே இது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்.

இறைச்சிக்கூடமா, உயிருள்ள பசுவா?

முட்டைகள் வர இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, இறைச்சிக்கூடம். வெட்டப்பட்ட மாட்டின் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் போட்டு, ஃபிளாஸ்கில் ஆய்வகத்துக்கு எடுத்து வருவார்கள். சிரிஞ்சால் ஃபாலிக்கிள்களிலிருந்து முட்டையை உறிஞ்சுவார்கள். செலவு குறைவு, முட்டை நிறைய. உலகம் முழுக்க மாட்டு ஐ.வி.எஃப் ஆராய்ச்சி வளர்ந்ததே இந்த முட்டைகளை வைத்துத்தான். இந்தியாவின் பல மாநிலங்களில் பசுவதைக்குத் தடை இருப்பதால், இங்கே இந்த வழியில் அதிகம் கிடைப்பது எருமை முட்டைகள்தான்.

இரண்டாவது வழி, உயிருள்ள பசு. பசுவின் பின்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, பிறப்புறுப்பு வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, திரையில் பார்த்தபடியே ஊசியால் முட்டையை உறிஞ்சி எடுப்பது. 'ஓ.பி.யு' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மனிதர்களுக்கான சிகிச்சை முறையை 1980களின் இறுதியில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே பசுவிடம் திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்பது இதன் பெரிய பலம்.

சரி, அப்படியென்றால் இறைச்சிக்கூட முட்டை மட்டம், உயிருள்ள பசுவின் முட்டை உசத்தி என்று முடித்துவிடலாமா? முடியாது. இறைச்சிக்கூட முட்டைகள் நூற்றுக்கணக்கில் வருவதால், நல்லதாகத் தெரிபவற்றை மட்டும் பொறுக்கி எடுக்க முடிகிறது. ஓ.பி.யுவில் கிடைப்பது பத்தோ பதினைந்தோ என்றால், சுமாரானதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். வெறும் சதவீதத்தை மட்டும் பார்த்தால், சில நேரம் இறைச்சிக்கூட முட்டையே முந்திவிடும்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இறைச்சிக்கூட முட்டையின் தாய் யார் என்றே பெரும்பாலும் தெரியாது. வயது என்ன, என்ன இனம், எவ்வளவு பால் கறந்தது, நோய் இருந்ததா, ஏன் வெட்ட வந்தது - எதற்கும் பதிவு கிடையாது. பல மாடுகளின் முட்டைகள் ஒரே தட்டில் கலந்துவிடும். பி.வி.டி போன்ற வைரஸ்கள் இந்த வழியாக ஆய்வகத்துக்குள் நுழையும் ஆபத்தும் உண்டு. பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் இது போதும். இனத்தை மேம்படுத்தும் திட்டத்துக்கு, தாய் யார் என்று தெரியாத கரு உதவாது.

அப்போ ஆய்வகத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. 2002-ல் அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பசுவின் உடலுக்குள்ளேயே முதிர்ந்த முட்டை, ஆய்வகத்தில் முதிர்ந்த முட்டை என இரண்டையும் எடுத்தார்கள். கருவான பிறகு சிலவற்றை ஆய்வகத் தட்டிலும், சிலவற்றை ஒரு பெட்டை ஆட்டின் கருக்குழாயிலும் வளர்த்தார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த முடிவு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. எத்தனை முட்டை ஏழாம் நாளைத் தொடும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது முட்டையின் தரம். அப்படித் தொட்ட கரு எவ்வளவு திடமாக இருக்கும், உறைய வைத்து எடுத்தால் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் வளர்த்த சூழலுக்குப் பெரிய பங்கு.

ஆக, ஆய்வகத்தால் ஒரு நல்ல முட்டையைக் கெடுக்க முடியும், காப்பாற்ற முடியும். ஆனால் பலவீனமான முட்டையை நல்ல முட்டையாக மாற்றும் வித்தை இன்னும் யார் கையிலும் இல்லை. விலை உயர்ந்த இன்குபேட்டர் வாங்கினாலும் இதுதான் நிலைமை.

கனடாவின் கியூபெக்கில் நடந்த ஒரு முயற்சி இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. முட்டை எடுப்பதற்கு முன் பசுவுக்கு எஃப்.எஸ்.எச் ஹார்மோன் கொடுத்து, பிறகு ஒன்றிரண்டு நாள் சும்மா விட்டார்கள். ஃபாலிக்கிள்கள் நிதானமாக வளர அந்த இடைவெளி. 2002-ல் வெளியான அந்த ஆய்வில், சிறந்த நிலையில் எடுத்த முட்டைகள் பிளாஸ்டோசிஸ்ட் ஆன விகிதம் சுமார் 80 சதவீதம் வரை போனது. வழக்கமான 30-40 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது இரு மடங்கு. முட்டை எடுக்கப்படுவதற்கு முன்பே, பசுவின் உடம்புக்குள் செய்த மாற்றம் கொடுத்த பலன் இது.

ஒரே பசு, ஒவ்வொரு மாதமும் வேறு முட்டை

முட்டையின் மூலம் என்றால் எந்தப் பசு என்பது மட்டுமல்ல. அந்தப் பசு எந்த நிலையில் இருந்தது என்பதும்தான்.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்ப அழுத்தம் முட்டையின் தரத்தைக் குறைக்கிறது என்பது அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இஸ்ரேலிலும் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆனால், பலர் கவனிக்காத பகுதி, இந்தப் பாதிப்பு கோடையோடு முடிவதில்லை. ஃபாலிக்கிள் சிறியதாக இருக்கும்போதே சூடு தாக்கிவிடுவதால், வெயில் தணிந்த பிறகும் இரண்டு மூன்று பருவச் சுழற்சிகளுக்குப் பலவீனமான முட்டைகளே வரலாம். மே மாத வெயிலுக்கான விலையை ஜூலையில் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, தீனி. கன்று ஈன்ற புதிதில் அதிகம் கறக்கும் பசு, தின்பதைவிடக் கூடுதலாக ஆற்றலைச் செலவழிக்கிறது. உடம்புக் கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. அவை ஃபாலிக்கிளுக்குள் இருக்கும் நீர் வரை போகின்றன. முட்டை அதில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. நிறையப் பால் கறக்கும் பசுவின் முட்டைதான் வேண்டும் என்று தேடிப் போனால், அது உச்சத்தில் கறக்கும் நாட்களே முட்டைக்கு மோசமான நாட்களாக இருக்கலாம்.

மூன்றாவது, வயது. டி.என்.ஏ சோதனை வந்த பிறகு, கன்றாக இருக்கும்போதே அது எப்படிப்பட்ட கறவை மாடாகும் என்று ஓரளவு கணிக்க முடிகிறது. அதனால் பருவத்துக்கே வராத கிடேரிகளிடமிருந்து முட்டை எடுக்கும் ஆசையும் வந்துவிட்டது. தலைமுறை இடைவெளி குறையும், இன முன்னேற்றம் வேகமாகும். ஆனால், பருவம் அடையாத கன்றின் முட்டைகளுக்குக் கருவாகும் திறன் குறைவு என்று ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. சிறந்த மரபணு இருக்கும்; கட்டுச்சோறு இருக்காது.

இந்திய மாட்டுக்கு ஒரு சாதகம், எருமைக்கு ஒரு சவால்

இனமும் இந்தக் கணக்கில் வருகிறது. மாட்டு ஐ.வி.எஃப்பில் பிரேசில் உலகின் முன்னணி நாடாக வளர்ந்ததற்கு ஒரு காரணம், அங்கே இருக்கும் மாடுகள். நெலோர் என்று அவர்கள் அழைக்கும் இனம், ஆந்திராவின் நெல்லூர் பக்கத்திலிருந்து போன ஓங்கோல் மாடுகளின் வழி வந்தது. குஜராத்தின் கிர் மாடுகளும் அங்கே பெரிய அளவில் வளர்க்கப்படுகின்றன. திமில் உள்ள இந்த இனங்களின் சினைப்பையில் ஒரே நேரத்தில் தெரியும் ஃபாலிக்கிள்கள், ஐரோப்பிய இனங்களைவிட அதிகம். ஒரு தடவை எடுத்தாலே நிறைய முட்டை கிடைக்கும்.

எருமையின் கதை வேறு. அதன் சினைப்பையில் முட்டைகளின் இருப்பே பசுவைவிடப் பல மடங்கு குறைவு. உலகின் முதல் ஐ.வி.எஃப் எருமைக் கன்றான 'பிரதம்' 1990-ல் ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்தது. அனுபவத்தில் இந்தியாவுக்குக் குறையில்லை. ஆனாலும், பசுவுக்கு எழுதிய பட்ஜெட்டையும் இலக்கையும் அப்படியே எருமைக்கு காப்பி-பேஸ்ட் செய்ய முடியாது. ஓர் எருமை முட்டை வீணானால் அதன் விலை அதிகம்.

விவசாயிக்கு இதில் என்ன?

ஒரு கரு தோற்றால் ஆய்வகத்துக்கு அது ஒரு புள்ளிவிவரம். மாடு வைத்திருப்பவருக்கு அது நாட்கள். மாடு பருவத்துக்கு வந்து ஏழாம் நாள் கரு வைக்கப்படுகிறது. சினையா, இல்லையா என்று ஸ்கேனில் உறுதியாகத் தெரிய மொத்தம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். இல்லை என்றால் அடுத்த 21 நாள் சுழற்சிக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்கெல்லாம் தீவனச் செலவு உண்டு. சாதாரண சினை ஊசியில் பிடித்திருக்கக்கூடிய வாய்ப்பும் போய்விடும்.

ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில், உறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு ஐ.வி.எஃப் சினைக்கும் ரூ.5,000 மானியம் என்று அறிவிக்கப்பட்டது. கரு வைத்ததற்கு அல்ல, சினை பிடித்ததற்குப் பணம் என்பது சரியான அணுகுமுறை. ஆனால், பிடிக்காமல் போன மாதங்களின் செலவு இன்னும் விவசாயியின் கணக்கில்தான்.

2025 மார்ச்சில், இந்தத் திட்டத்துக்கான மொத்த ஒதுக்கீட்டை 2021-22 முதல் 2025-26 வரைக்கு ரூ.3,400 கோடியாக மத்திய அமைச்சரவை உயர்த்தியது. 22 ஐ.வி.எஃப் ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன, 2,541 உயர்ரகக் கன்றுகள் பிறந்துள்ளன என்றும் சொல்லப்பட்டது. இந்த 2,541 கன்றுகள் எத்தனை கருமுட்டைகளிலிருந்து, எத்தனை பசுக்களிலிருந்து வந்தன? அந்த அறிவிப்பில் பதில் இல்லை. மேலே உள்ள எண் மட்டும் இருக்கிறது, கீழே வகுக்க வேண்டிய எண் இல்லை. பன்னி எருமை அறிவிப்பில் அந்த எண் இருந்தது. மூன்று எருமைகளுக்குச் செய்ய முடிந்ததை 22 ஆய்வகங்களுக்கும் செய்யச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

என்ன மாற வேண்டும்?

ஒன்று, ஒவ்வொரு கருவுக்கும் ஒரு பதிவு. எந்தப் பசு, என்ன வயது, எந்த மாதம், ஈன்று எத்தனை நாள், உயிருள்ள பசுவா இறைச்சிக்கூடமா - கரு உறைந்திருக்கும் குழாயோடு இந்த விவரமும் போக வேண்டும். காளையின் விந்துக் குச்சியில் காளை எண் அச்சிடப்படுகிறது. கருவின் தாய் பற்றியும் அதே அளவு விவரம் கேட்பது நியாயம்தான்.

இரண்டு, வெற்றியை முட்டைக்கு எத்தனை உயிருள்ள கன்று என்று அளக்க வேண்டும். 'இத்தனை கரு உருவாக்கினோம்' என்பது பாதி வழியில் சொல்லும் கணக்கு.

மூன்று, முட்டை தரும் பசுவின் மேல் செலவு செய்ய வேண்டும். நிழல், மின்விசிறி, தண்ணீர்த் தெளிப்பு, சரிவிகிதத் தீவனம் எல்லாம் ரிப்பன் வெட்டித் திறக்க முடியாத விஷயங்கள். ஆனால் முட்டை தயாராகும் இடம் அதுதான். ஒரு பசுவிடம் எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில் முட்டை எடுக்கலாம் என்பதற்குக் கறாரான வரம்பும் வேண்டும். ஊசி ஏறுவது அதன் உடம்பில்.

நான்கு, கரு வைப்பதற்கு முன்பே விவசாயிக்கு வெற்றி விகிதத்தைச் சொல்ல வேண்டும். பன்னி எருமைக் கணக்கில் 15-க்கு 6, அதாவது 40 சதவீதம். பத்தில் ஆறு தோற்கலாம் என்று தெரிந்த பிறகு அவர் முடிவெடுக்கட்டும்.

நல்ல முட்டை தரும் பசுவை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா?

இந்த வாதத்துக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. முட்டையின் மூலம்தான் முக்கியம் என்றால், அதிகம் முட்டை தரும், நன்றாகக் கருவாகும் நாலைந்து பசுக்களை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆய்வகத்தின் விகிதம் உயரும், அறிக்கை அழகாக இருக்கும்.

ஆனால், மொத்தக் கூட்டமும் சில தாய்களின் பிள்ளைகளாகச் சுருங்கிவிடும். தமிழ்நாட்டின் காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிக்குளம் போன்ற இனங்களுக்கு நாளை ஐ.வி.எஃப் பெரிய அளவில் வந்தால், முதலில் பார்க்க வேண்டிய ஆபத்து இதுதான். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால், பெருக்க நினைத்த இனமே பலவீனமாகும். நாலு முட்டை மட்டும் தரும் பசுவுக்கும் அங்கே இடம் வேண்டும். அதன் குறைந்த விகிதத்தைத் தோல்வி என்று எழுதாத ஒரு கணக்கு முறையும் வேண்டும்.

அதற்கும் தேவை அதே பதிவுதான். எந்தப் பசுவின் முட்டை எத்தனை கன்றானது என்று எழுதி வைத்தால்தான், யாரை அதிகம் பயன்படுத்துகிறோம், யாரை விட்டுவிட்டோம் என்று தெரியும். அடுத்த தடவை ஐ.வி.எஃப் கன்று பிறந்த செய்தியைப் பார்த்தால் கன்றின் படத்தோடு நிறுத்தாமல், எத்தனை முட்டை, எத்தனை தாய் என்று தேடிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களும் இல்லாத அறிவிப்பு இன்னும் முழுமையாகவில்லை.